சர்வரை ஆள் தொடாமலே ரெடி பண்றாங்க: அம்பத்தூர் டேட்டா சென்டர் ஆட்டோமேஷனும் உங்க சம்பளமும்



போன மாசம் சம்பள ஸ்லிப் வீடியோ போட்டதுக்கு அப்புறம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வந்துச்சு. சுருக்கமா சொன்னா இதுதான்: "சார், எஸ்டேட்ல நிறைய டேட்டா சென்டர் வந்திருக்கு. வேலைக்குப் போகலாமா? ஆட்டோமேஷன் வந்து அந்த வேலையும் போயிடுமா? லட்ச ரூபாய்க்கு மேல ஒரு கோர்ஸ் சொல்றாங்க, ஈ.எம்.ஐ.ல சேரலாமா?"

மூணு கேள்வியும் பணம் சம்பந்தப்பட்டதுதான். ஆனா முதல்ல அந்த ஆட்டோமேஷன்னா என்னன்னு புரியாம மூணாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால இன்னைக்கு கொஞ்சம் டெக்னிக்கலா போவோம். கணக்கு நான் போடுறேன், முடிவு நீங்க எடுங்க.

முதல்ல, அம்பத்தூர்ல என்ன நடக்குது?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல ஆரம்பிச்சது. நம்ம அப்பா, தாத்தா காலத்துக்கு அம்பத்தூர்னா டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், லேத் பட்டறை, ஷிஃப்ட் சங்கு. இப்போ அதே ஏரியாவுல ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் நிக்குது. என்.டி.டி. நிறுவனத்தோட 'சென்னை 2' வளாகம் 2023-ல திறந்தாங்க, மொத்தத் திறன் 34.8 மெகாவாட். ரிலையன்ஸ், புரூக்ஃபீல்ட், டிஜிட்டல் ரியால்டி மூணு பேரும் சேர்ந்து நடத்துற டிஜிட்டல் கனெக்ஷன், 2024 ஜனவரியில முதல் கட்டமா 20 மெகாவாட் கட்டடத்தை இங்க தொடங்கினாங்க. முழு வளாகமும் 100 மெகாவாட் வரை போகும்னு திட்டம். எஸ்.டி.டி. ஜி.டி.சி.யும் இங்க இருக்காங்க.

டேட்டா சென்டரை சதுர அடியில அளக்க மாட்டாங்க, மெகாவாட்லதான் அளப்பாங்க. ஏன்னா அங்க உண்மையில வாடகைக்கு விடுறது கரண்ட்டும் குளிர்ச்சியும்தான். 1 மெகாவாட் முழுசா ஓடினா ஒரு மணி நேரத்துக்கு 1,000 யூனிட். 20 மெகாவாட்னா ஒரு நாளைக்கு 4.8 லட்சம் யூனிட். இதுல குளிரூட்டறதுக்கு ஆகுற கரண்ட் சேரல. நம்ம வீட்டு ஈ.பி. பில்லை எடுத்து வச்சுப் பாருங்க, அளவு புரியும்.

சென்னைக்கு ஏன் வர்றாங்க? 2002-ல இருந்தே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலுக்கு அடியில நேரடி கேபிள் இருக்கு. அதுக்கு அப்புறமும் பல கேபிள்கள் இங்க வந்து இறங்கியிருக்கு. தமிழ்நாடு அரசும் 2021-ல டேட்டா சென்டருக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டுச்சு.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க. இந்தக் கட்டடங்கள்ல பெரும்பாலும் கட்டடக்காரர் வேற, உள்ள இருக்கிற சர்வரோட சொந்தக்காரர் வேற. மால் ஓனரும் கடை ஓனரும் மாதிரி. அதனால வேலையும் மூணு வகை.

1. கட்டட வேலை: ஜெனரேட்டர், யு.பி.எஸ்., பேட்டரி, சில்லர், செக்யூரிட்டி.
2. கை வேலை: சர்வரைப் பிரிச்சு ரேக்ல மாட்டறது, கேபிள் போடறது, கெட்டுப்போன டிஸ்க் மாத்தறது. இதை 'ரிமோட் ஹேண்ட்ஸ்'னு சொல்வாங்க.
3. சிஸ்டம் வேலை: அந்த சர்வருக்குள்ள என்ன ஓடணும், எப்படி ஓடணும்னு பார்க்கிறது.

மூணாவது வேலை செய்யறவர் அம்பத்தூர்ல உட்கார்ந்திருக்கணும்னு அவசியமே இல்லை. பெருங்குடியில இருக்கலாம், பெங்களூருல இருக்கலாம். "வீட்டுக்குப் பக்கத்துல டேட்டா சென்டர் வந்திருக்கு, எனக்கு வேலை கிடைக்கும்"னு நினைக்கும்போது எந்த வகை வேலைன்னு முதல்ல கேளுங்க. ஆட்டோமேஷன் பெருசா அடிக்கிறது இரண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கிற இடத்தை.

ஒரு புது சர்வர் வந்தா என்ன பண்ணுவாங்க?

பழைய முறை இப்படி இருக்கும். பெட்டியைப் பிரிச்சு, சீரியல் நம்பர் குறிச்சு, ரேக்ல மாட்டி, கேபிள் போடுவாங்க. அப்புறம் ஒரு மானிட்டரும் கீபோர்டும் இருக்கிற வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து, பயாஸ் செட்டிங் மாத்தி, ஃபர்ம்வேர் ஏத்தி, டிஸ்க்கைப் பிரிச்சு, ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, ஐ.பி. முகவரி கொடுத்து, பாஸ்வேர்டு வச்சு, கடைசியில எக்செல் ஷீட்ல ஒரு வரி எழுதுவாங்க. அடுத்த சர்வருக்கு வண்டியைத் தள்ளுவாங்க. நூறு சர்வருக்கு நூறு தடவை.

இதுல பெட்டியைப் பிரிச்சு கேபிள் போடறது வரைக்கும் இன்னைக்கும் மனுஷன்தான். அதுக்கு அப்புறம் உள்ளதை மெஷினே பாத்துக்குது. எப்படி?

ஒவ்வொரு சர்வருக்குள்ளயும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியா இருக்கு. பேரு பி.எம்.சி. சர்வர் அணைஞ்சிருந்தாலும், கரண்ட் பிளக் போட்டிருந்தா அது முழிச்சுக்கிட்டிருக்கும். தூரத்துல இருந்தே அதுகிட்ட "சர்வரை ஆன் பண்ணு", "ஃபேன் வேகம் என்ன", "பயாஸ் செட்டிங் மாத்து"ன்னு கேட்கலாம். இதுக்கான பொது மொழியா 1998-ல ஐ.பி.எம்.ஐ. வந்துச்சு, 2015-ல அதைவிட நவீனமான ரெட்ஃபிஷ் வந்துச்சு.

சர்வர் ஆன் ஆனதும் அதுக்கு ஒண்ணுமே தெரியாது, டிஸ்க் காலி. புதுசா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீங்க ரிசப்ஷன்ல போய் நின்ன மாதிரி அது நெட்வொர்க்கைப் பார்த்துக் கேட்கும்: "நான் யாரு? எங்க உட்காரணும்?" டி.ஹெச்.சி.பி. சர்வர் ஒரு ஐ.பி. முகவரியைக் கொடுத்து, "இன்ஸ்டாலர் அந்த மெஷின்ல இருக்கு, போய் வாங்கிக்கோ"ன்னு அனுப்பும். இந்த முறைக்குப் பேரு பி.எக்ஸ்.இ. பூட். இன்ஸ்டாலர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் (எந்த டிஸ்க், எந்த மொழி, எந்த நேர மண்டலம்) முன்கூட்டியே எழுதி வச்ச விடைத்தாள் ஒண்ணு இருக்கும். ரெட் ஹேட் லினக்ஸ்ல அதை கிக்ஸ்டார்ட் ஃபைல்னு சொல்வாங்க, உபுண்டுவுல ஆட்டோ இன்ஸ்டால். யாரும் 'நெக்ஸ்ட்' பட்டன் அழுத்த வேண்டாம். ஒரு சர்வருக்கும் இதே ஃபைல், நூறு சர்வருக்கும் இதே ஃபைல்.

இந்த மொத்த வேலையையும் கோர்த்துச் செய்ற மென்பொருள்கள் இருக்கு: கனோனிகல் நிறுவனத்தோட 'மாஸ்', ஓப்பன்ஸ்டாக்ல 'ஐரானிக்', அப்புறம் 'ஃபோர்மேன்'. இவை எல்லாம் ஓப்பன் சோர்ஸ்.

"இதைச் செய்" வேற, "இப்படி இருக்கணும்" வேற

ஓ.எஸ். போட்டாச்சு. அடுத்து, அதுக்கு மேல என்னென்ன இருக்கணும்னு பாத்துக்கிறது ஆன்சிபிள், பப்பெட் மாதிரி டூல்கள். இங்க ஒரு முக்கியமான ஐடியா இருக்கு, நம்ம பாஷையில சொல்றேன்.

உங்க அக்கவுன்டுக்கு ரெண்டு விதமா உத்தரவு போடலாம்.

ஒண்ணு: "எமர்ஜென்சி ஃபண்டுக்கு 10,000 ரூபாய் மாத்து." தெரியாம ரெண்டு தடவை அழுத்தினா 20,000 போயிடும்.

இன்னொண்ணு: "எமர்ஜென்சி ஃபண்ட்ல 3 லட்சம் இருக்கணும். குறைஞ்சிருந்தா நிரப்பு, இருந்தா சும்மா இரு." இதைப் பத்து தடவை ஓட்டினாலும் கெடுதல் இல்லை.

சர்வர் ஆட்டோமேஷன் முழுக்க இரண்டாவது வகை. என்ன நிலைமை வேணும்னு எழுதி வைப்பாங்க. டூல் ஒவ்வொரு சர்வராப் போய்ப் பார்க்கும். சரியா இருந்தா தொடாது, மாறி இருந்தா மட்டும் திருத்தும். நடுராத்திரி யாரோ அவசரத்துக்கு ஒரு செட்டிங்கைக் கையால மாத்திட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க, அதை 'டிரிஃப்ட்'னு சொல்வாங்க. அடுத்த ரன்ல அது தெரிஞ்சிடும்.

டெராஃபார்ம்னு இன்னொரு டூல், 2014-ல வந்தது. கிளவுட்ல எத்தனை மெஷின், எந்த நெட்வொர்க்னு ஃபைல்ல எழுதிக் கொடுத்தா உருவாக்கிக் கொடுக்கும். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ரெண்டு படியா வேலை செய்றது. முதல்ல 'பிளான்': "3 புதுசா உருவாக்குவேன், 1 மாத்துவேன், 2 அழிப்பேன், சரியா?" நீங்க பார்த்து ஓகே சொன்னா அப்புறம் 'அப்ளை'. ஐ.டி. ரிட்டர்ன்ல சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பிரிவ்யூ பார்க்கிற மாதிரி. 2023-ல அதோட லைசென்ஸை மாத்தினதால, லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ ஓப்பன்டோஃபுன்னு ஒரு திறந்த மாற்று வந்திருக்கு. ரெண்டுக்கும் எழுதுற முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கம்பெனி ஏன் இதுல பணம் போடுது? கணக்கு போடுவோம்

"ஆளைக் குறைக்கத்தான்"னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை.

- 100 சர்வர், ஒண்ணு 5 லட்சம். மொத்தம் 5 கோடி.
- ஒரு சர்வருக்கு 3 மணி நேர வேலை. அதுல மாட்டறது, கேபிள் போடறது 45 நிமிஷம். மீதி 2 மணி 15 நிமிஷம் கீபோர்டு வேலை.
- ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்.

கையால செஞ்சா 300 மணி நேரம், சுமார் 19 வேலை நாள். கீபோர்டு வேலையை ஆட்டோமேட் பண்ணினா 75 மணி நேரம், சுமார் 5 நாள். மிச்சம் 225 மணி நேரம், 14 நாள்.

கம்பெனிக்கு ஒரு மணி நேர டெக்னீஷியன் செலவு 200 ரூபாய்னு வைங்க. 225 மணி நேரத்துக்கு மிச்சம் ₹45,000.

இப்போ இன்னொரு பக்கம். அந்த 5 கோடியைக் கம்பெனி 10% வட்டிக்கு வாங்கியிருந்தா ஒரு நாள் வட்டி சுமார் ₹13,700. எல்லா சர்வரும் ரெடி ஆனாத்தான் ப்ராஜெக்ட் ஓடும்னா, 14 நாளுக்கு சுமார் ₹1.92 லட்சம். சர்வர் சும்மா கிடந்தாலும் வட்டி ஓடும், ரேக் வாடகை ஓடும், வாரண்டியும் கரையும்.

வரியும் பார்ப்போம். வருமான வரியில கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40%. ஆனா நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா உபயோகத்துல இருந்தா பாதிதான், 20%. அந்தக் கோடு அக்டோபர் முதல் வாரத்துல விழுது. செப்டம்பர் கடைசியில வந்த சர்வர்ல பாதி, அதாவது 2.5 கோடிக்கான சர்வர், லேட்டாகி அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சுன்னா, இந்த வருஷம் 1 கோடிக்குப் பதிலா 50 லட்சம்தான் தேய்மானம். 25% வரின்னு வச்சா 12.5 லட்சம் வரிச் சலுகை அடுத்த வருஷங்களுக்குத் தள்ளிப்போகுது. போயே போயிடாது, தள்ளித்தான் போகுது. ஆனா கையில இருக்க வேண்டிய பணம்.

மூணு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க: 45 ஆயிரம், 1.92 லட்சம், 12.5 லட்சம். உங்க சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது கம்பெனியோட முதல் கவலை இல்லை. கோடிக்கணக்குல வாங்கின மெஷின் சும்மா நிக்கக் கூடாது, அதுதான் கவலை. கம்பெனிகள் சட்டத்துல சர்வருக்கு ஆயுள் 6 வருஷம், லேப்டாப்புக்கு 3 வருஷம்னு கணக்கு. வாங்கின அன்னைல இருந்தே மதிப்பு இறங்குற பொருள் அது.

ஆனா ஒண்ணை மறைக்க வேண்டாம். காரணம் எதுவா இருந்தாலும் 300 மணி நேரம் 75 ஆச்சு. கீபோர்டு வேலை மட்டும் தெரிஞ்சவருக்கு அந்த 225 மணி நேரம் திரும்ப வராது.

தப்பு நடந்தா எவ்வளவு போகும்? ரெண்டு உண்மைக் கதை

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில நைட் கேப்பிடல்னு பெரிய ஷேர் புரோக்கிங் நிறுவனம். புது மென்பொருளை 8 சர்வர்ல ஏத்தணும். டெக்னீஷியன் 7-ல ஏத்திட்டார், 8-வது விட்டுப் போச்சு. வேற ஒருத்தர் சரிபார்க்கணும்னு எழுதப்பட்ட விதியே அங்க இல்லை. அந்த 8-வது சர்வர்ல பல வருஷமா பயன்படுத்தாத பழைய கோட் இருந்துச்சு. மார்க்கெட் திறந்ததும் அது முழிச்சுக்கிச்சு. 212 ஆர்டருக்கு 40 லட்சத்துக்கு மேல டிரேட் போட்டுச்சு. 45 நிமிஷத்துல நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல. மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டம் 97 ஈமெயில் அனுப்பி எச்சரிச்சிருக்கு, யாரும் கவனிக்கல. 2013-ல அமெரிக்க செபி மாதிரியான எஸ்.இ.சி. அமைப்பு 1.2 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. அதே வருஷம் அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோட இணைஞ்சிடுச்சு.

இது கையால செஞ்சதோட விலை. எட்டு சர்வரும் ஒரே மாதிரி இருக்கான்னு ஒரு டூல் பார்த்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

2017 பிப்ரவரி 28. அமேசானோட எஸ்3 சேமிப்பு சேவை. கொஞ்சம் சர்வரைக் கழட்டறதுக்காக ஒரு ஊழியர் வழக்கமான கமாண்டை அடிச்சார், உள்ளீட்டுல ஒரு தப்பு. நினைச்சதைவிட நிறைய சர்வர் கழண்டு போச்சு. சுமார் நாலு மணி நேரம் எத்தனையோ இணையதளங்கள் தடுமாறுச்சு. அதுக்கு அப்புறம் அமேசான் என்ன பண்ணுச்சு? டூலை வேகம் குறைச்சு வேலை செய்ற மாதிரி மாத்துச்சு. குறைந்தபட்ச அளவுக்குக் கீழ எந்த சிஸ்டமும் போக விடாத மாதிரி தடுப்பு வச்சுச்சு.

இது டூலுக்கு எல்லை வைக்காததோட விலை. கையால தப்பு பண்ணினா ஒரு சர்வர் போகும். டூல்ல தப்பு பண்ணினா ஒரே நிமிஷத்துல நூறும் போகும்.

ஆடிட்ல நாங்க 'மேக்கர்-செக்கர்'னு சொல்வோம். ஒருத்தர் போடணும், இன்னொருத்தர் பார்க்கணும். சர்வர் உலகத்துல இன்னைக்கு அதுக்குத்தான் சம்பளம் ஏறுது: பிளானைப் படிச்சு "இந்த ரெண்டை ஏன் அழிக்குது?"ன்னு கேட்கத் தெரிஞ்சவருக்கு.

சரி, நீங்க என்ன பண்ணணும்?

இப்போ கோர்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஃபீஸ் ₹1,20,000. 18% வட்டியில 24 மாசக் கடன்னு வைங்க. ஈ.எம்.ஐ. சுமார் ₹5,990. மொத்தம் கட்டறது சுமார் ₹1,43,800. கைக்கு 25,000 வாங்கறவருக்கு இது சம்பளத்துல நாலுல ஒரு பங்கு.

கோர்ஸ் முடிச்சு கைச் சம்பளம் மாசம் 8,000 கூடினா, போட்ட பணம் 18 மாசத்துல திரும்பும். 3,000 மட்டும் கூடினா 48 மாசம். ஒண்ணுமே கூடலன்னா? ஈ.எம்.ஐ. மட்டும் கூடியிருக்கும். "நூறு சதவீத பிளேஸ்மென்ட்"னு போஸ்டர்ல போடறதை விடுங்க. போன பேட்ச்ல முடிச்ச மூணு பேர்கிட்ட பேசுங்க, முன்னாடி எவ்வளவு வாங்கினாங்க, இப்போ எவ்வளவுன்னு கேளுங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை:

- ஃபீஸ்ல ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கா? 18% தனியா வந்தா ₹1,20,000-ங்கிறது ₹1,41,600 ஆயிடும்.
- "ஈ.எம்.ஐ."ன்னு சொன்னா அது இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டற தவணையா, உங்க பேர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கிற கடனா? கடன்னா, கோர்ஸை பாதியில விட்டாலும் தவணை நிக்காது. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.
- 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கேட்டு வாங்குங்க. உண்மையான வருஷ வட்டி, பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் அதுல இருக்கணும். ஆப் வழியா எடுக்கிற கடன்னா, அபராதம் இல்லாம திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் டைம்னும் பாருங்க.
- "வட்டியில்லா ஈ.எம்.ஐ."ன்னா, மொத்தமா கட்டினா எவ்வளவு தள்ளுபடின்னு கேளுங்க. அந்தத் தள்ளுபடிதான் மறைஞ்சிருக்கிற வட்டி.
- "கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு"ன்னு சொன்னா நம்பி இறங்காதீங்க. புது வரி முறையில அந்தக் கழிவே கிடையாது.

நான் சொல்ற வழி, முதல் ஆறு மாசம் கடன் வாங்காம கத்துக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்ல 16 ஜி.பி. ரேம் உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒண்ணு வாங்குங்க, இல்லை வீட்ல இருக்கிறதுல ரேம் ஏத்துங்க. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதுல மூணு மெஷின் உருவாக்குங்க.

- முதல் ரெண்டு மாசம்: லினக்ஸ் கமாண்டு, ஐ.பி. முகவரி, சப்நெட். இதுல அவசரப்படாதீங்க.
- அடுத்த ரெண்டு மாசம்: ஒரு மெஷினை டி.ஹெச்.சி.பி., பி.எக்ஸ்.இ. சர்வரா மாத்தி, மத்த ரெண்டு காலி மெஷினும் தானா ஓ.எஸ். ஏத்திக்கிற மாதிரி பண்ணுங்க.
- கடைசி ரெண்டு மாசம்: ஆன்சிபிள். மூணு மெஷினையும் அழிச்சுட்டு, எழுதி வச்ச ஃபைலை மட்டும் வச்சு திரும்ப எழுப்புங்க. எல்லாத்தையும் கிட்ஹப்ல போடுங்க.

இன்டர்வியூல "இதோ என் ஃபைல்"னு காட்டலாம். ஆறு மாசத்துல இது பிடிக்கலன்னு தெரிஞ்சா, நஷ்டம் ஒரு பழைய டெஸ்க்டாப்தான். பிடிச்சா, ரெட் ஹேட் சர்டிஃபிகேட்டுக்குப் போங்க. இப்போ ஆர்.ஹெச்.சி.இ. தேர்வே ஆன்சிபிளை மையமா வச்சுத்தான் நடக்குது. தேர்வுக்கட்டணத்தைச் சேமிச்சுக் கட்டுங்க.

ஒரு எச்சரிக்கை: கிளவுட்ல பயிற்சி எடுக்கும்போது உங்க கார்டு அங்க பதிவாகும். 'இலவச' எல்லையைத் தாண்டினா பில் வரும். முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வைங்க. பயிற்சி முடிஞ்சதும் உருவாக்கினதை எல்லாம் அழிச்சுட்டுத் தூங்குங்க.

வேலை கிடைச்சா ஆஃபர் லெட்டர்ல பார்க்க வேண்டியது

டேட்டா சென்டர்ல நிறைய பேர் கட்டடக்காரரோட சம்பளப் பட்டியல்ல இருக்க மாட்டாங்க, வெண்டர் மூலமா இருப்பாங்க. அது தப்பில்லை. ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. யு.ஏ.என். நம்பர்ல மாசாமாசம் பி.எஃப். ஏறுதா? சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. இருக்கா?

சில இடத்துல 'கன்சல்டன்ட்'னு போட்டு, ப்ரொஃபஷனல் ஃபீஸ்னு டி.டி.எஸ். பிடிச்சுக் கொடுப்பாங்க. கைக்கு வர்ற பணம் கூடத் தெரியும். ஆனா பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சம்பளக்காரருக்குக் கிடைக்கிற 75,000 ரூபாய் நிலையான கழிவும் இல்லை. வருமான வரி போர்ட்டல்ல ஏ.ஐ.எஸ். திறந்து, உங்க வருமானம் சம்பளம்னு காட்டியிருக்கா, ஃபீஸ்னு காட்டியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

அடிக்கடி கேட்ட கேள்விகள்

*நைட் ஷிஃப்ட் அலவன்ஸுக்கு வரி உண்டா?*
உண்டு, முழுசா சம்பளத்தோட சேரும். புது வரி முறையில 2025-26 நிதியாண்டுக்கு, வருஷச் சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கிறதால உங்கள்ல பலருக்கு இது பிரச்சினை இல்லை. அதுக்காக ரிட்டர்ன் போடாம விடாதீங்க, பின்னாடி ஹோம் லோனுக்கு கேட்பாங்க.

*நான் டிப்ளமோ எலக்ட்ரிக்கல். ஆட்டோமேஷன் எனக்கு ஆபத்தா?*
ஜெனரேட்டர், யு.பி.எஸ்., குளிரூட்டி வேலையை ஆன்சிபிள் செய்யாது. அந்த 45 நிமிஷ ரேக் வேலையும் இருக்கும். உங்களுக்கு லினக்ஸைவிட கட்டடப் பராமரிப்பு வழியில போறது லாபமா இருக்கலாம். எல்லாரும் கோடிங் பக்கம் ஓடணும்னு இல்லை.

*எனக்கு ஏற்கனவே ஹெல்ப்டெஸ்க் வேலை இருக்கு. விட்டுட்டுப் படிக்கவா?*
வேண்டாம். ஆறு மாசச் செலவுக்குப் பணம் கையில இல்லாம வேலையை விடாதீங்க. முதல்ல உங்க வேலையிலயே தினமும் திரும்பத் திரும்பச் செய்ற ஒரு விஷயத்தை ஸ்கிரிப்ட்டா மாத்துங்க. மேனேஜர்கிட்ட காட்டுங்க. சம்பளம் வாங்கிக்கிட்டே கிடைக்கிற அனுபவம் அது.

இதே முறை உங்க சம்பள அக்கவுன்டுக்கும்

மேல சொன்ன மூணு பழக்கத்தை அப்படியே உங்க பணத்துக்கும் வைங்க.

என்ன நிலைமை வேணும்னு எழுதி வைங்க: எமர்ஜென்சி ஃபண்ட் இவ்வளவு, எஸ்.ஐ.பி. இவ்வளவு, டேர்ம் இன்ஷூரன்ஸ் இவ்வளவு. சம்பளம் 1-ம் தேதி வந்தா ஆட்டோ டெபிட் 5-ம் தேதிக்குள்ள போற மாதிரி வைங்க. 25-ம் தேதி வச்சா பேலன்ஸ் இல்லாம பவுன்ஸ் ஆகி, பேங்க் அபராதம் பிடிக்கும்.

மாசம் ஒரு நாள் டிரிஃப்ட் பாருங்க. யு.பி.ஐ. ஆப்ல 'ஆட்டோ பே' பகுதியைத் திறங்க. எப்பவோ போட்டு மறந்த ஓ.டி.டி., ஜிம், ஆப் சந்தா எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். வேண்டாததை ரத்து பண்ணுங்க.

பெருசா எதையும் செய்றதுக்கு முன்னாடி பிளான் போட்டு, வீட்ல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அம்மா, அண்ணன், மனைவி யாரா இருந்தாலும் சரி. கோர்ஸ் கடனுக்கும் இதே விதிதான்.

உங்க கோர்ஸ் கடன் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு சின்ன ஷீட் தயார் பண்ணியிருக்கேன், இந்தக் கட்டுரைக்கான வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் இருக்கும். ஃபீஸ், வட்டி, மாசம், எதிர்பார்க்கிற சம்பள உயர்வு நாலையும் போட்டா எத்தனை மாசத்துல பணம் திரும்பும்னு காட்டும். போட்டுப் பார்த்துட்டு என்ன எண் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. டேட்டா சென்டர்ல ஏற்கனவே வேலை பார்க்கிறவங்க உங்க அனுபவத்தையும் எழுதுங்க, புதுசா வர்ற தம்பி தங்கைகளுக்கு அது ரொம்ப உதவும். அடுத்த வாரம் ஏ.ஐ.எஸ். படிக்கிறது எப்படின்னு பார்ப்போம்.

(இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்க தனிப்பட்ட வரி, கடன் முடிவுகளுக்கு உங்க ஆடிட்டரைக் கலந்து பேசுங்க.)